நாற்பது கட்டிலும் ஓர் இட்டேரியும்

டிரேசர் வேலை என்பது வேறொருவர் போட்ட கோட்டின் மேல் நம் கோட்டைப் போடுகிற வேலை. கோடு சரியாக அமைந்தால் பெயர் அவருக்கு, தவறிப் போனால் பெயர் நமக்கு. தட்டச்சு செய்கிறவர்கள், பத்திரம் நகலெடுக்கிறவர்கள், அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்கிறவர்கள் என்று இந்த வதையை அனுபவித்தவர்கள் பலர் இதைப் படிக்கக்கூடும். உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

உலகப் போரில் பர்மா ஆங்கிலேயர் கைவிட்டுப் போன பிறகு, சங்ககிரிக் கோட்டை மலை கண்ணுக்குத் தெரிகிற ஒரு மேட்டுக்காட்டில் ராணுவம் ஒரு மாதிரி முகாம் அமைத்தது. பெட்ரோல் குறைவாக, முள்கம்பி குறைவாக, வெயிலையும் மழையையும் தாங்கும்படி ஒரு முகாமை எப்படிப் போடுவது என்று இங்கே செய்து பார்ப்பார்கள். சரியாக வந்ததைப் படமாக்கிப் போர்முனைக்கு அனுப்புவார்கள். அந்தப் படங்கள் பிறந்த மேசையில் பதினெட்டு மாதம் உட்கார்ந்திருந்தவள் நான்.

தாளும் துணியும்

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. சென்னையில் கணிதம் படித்துப் பட்டம் வாங்கி, கல்யாணமாகி, இரண்டே வருடத்தில் கணவரை டைபாய்டுக்குக் கொடுத்துவிட்டு, சேலத்தில் அண்ணன் வீட்டுக்குத் திரும்பியிருந்தேன். அண்ணனுக்குப் பத்துத் தறி. தறிகளுக்குப் பின்னால் ஓர் உள்ளறை. அங்கே பகல் முழுவதும் தறிச் சத்தம் கேட்கும். என்னை யாரும் கூப்பிடும் சத்தம் கேட்காது. என் கல்லூரிப் பேராசிரியை எழுதிய ஒரு கடிதத்தால் முகாமில் வேலை கிடைத்தது. மூன்று மாதம் தற்காலிகம். கேப்டனுக்குப் பிடித்தால் நிரந்தரம், பிடிக்காவிட்டால் உள்ளறை.

கேப்டன் ஆங்கிலேயர், கட்டடப் பொறியாளர், வெயிலில் சிவந்த கழுத்தும் சிரிக்காத முகமும் உள்ளவர். அவர் சொன்னவற்றைத் தமிழாக்கியே இங்கே தருகிறேன். முதல் வாரமே ஓர் அளவைத் தாளைக் கொடுத்து, டிரேசிங் துணியில் மையால் வரைந்து தரச் சொன்னார். யாரோ ஒரு ஹவில்தார் அவசரமாக அளந்து பென்சிலால் போட்ட படம். மேடு பள்ளத்தின் மட்டம்கூடக் குறிக்கவில்லை. அதில் இரண்டு வேலிகளுக்கு நடுவே ஒரு பாதை வளைந்து வந்தது. பாதையின் நடுவில், பெயரும் விளக்கமும் இல்லாமல், மங்கலாக ஒரே ஒரு அம்புக்குறி.

எங்கள் வீட்டில் சேலைக் கரைக்கான பூவைக் கட்டத்தாளில் அப்பா புள்ளி வைத்துத்தான் வரைவார். ஜோடியில்லாத புள்ளி எங்கே கண்டாலும் அது பென்சில் தவறி விழுந்தது என்று பொருள். அழித்துவிட வேண்டும், இல்லையேல் நெய்யும்போது ஓர் இழை தப்பும். பத்து வயதிலிருந்து அந்தப் புள்ளிகளை அழித்துப் பழகிய கை இது. அம்புக்கு ஜோடி இல்லை. விட்டுவிட்டேன். படம் அழகாக வந்தது. கேப்டன் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "இதை வரைந்தீர்களா மேடம், நெய்தீர்களா?" என்றார்.

மேற்கே பார்த்த வாசல்

தலைமை அலுவலகத்திலிருந்து வந்த மாதிரிப் படத்தில் எல்லாக் கூடாரங்களும் மேற்கே பார்த்திருந்தன. நானும் அப்படியே வரைந்தேன். சிப்பாய்களும் அப்படியே போட்டார்கள். ஆடி மாதம் பாலக்காட்டுப் பக்கமிருந்து காற்று கிளம்பி வந்து, வாசல் வழியாக நுழைந்து, ஒவ்வொரு கூடாரத்தையும் பலூனாக ஊதியது. அதிகாரிகளின் சாப்பாட்டுக் கூடாரம் அப்படியே எழுந்து போய் வேலாமரத்தில் மாட்டிக்கொண்டது. மேசையில் சூப்புக் கிண்ணங்கள் மட்டும் மண் நிரம்பி வரிசையாக இருந்தன.

முகாம் நின்ற காடு, அந்தப் பக்கத்துப் பேச்சில் புன்செய் நிலம், நல்லாயி என்பவளின் குடும்பத்தினுடையது. போர் முடியும் வரை ராணுவம் எடுத்துக்கொண்டிருந்தது. மிச்சமிருந்த துண்டு நிலத்தில் மேச்சேரி ஆடுகளை வைத்துக்கொண்டு, தினமும் காலையில் முகாம் சமையலறைக்கு மோர்ப்பானை சுமந்து வருவாள். முப்பது வயதிருக்கும். பயம் என்பதை அறியாத நாக்கு. அன்று மரத்தில் தொங்கிய கூடாரத்தை நிமிர்ந்து பார்த்தாள், குனிந்து கேப்டனைப் பார்த்தாள். "என்ன சொல்கிறாள்?" என்று கேப்டன் என்னிடம் கேட்டார். நான் பாதியை விழுங்கிவிட்டு மொழிபெயர்த்தேன். மறுநாளே எல்லா வாசல்களும் கிழக்கே திரும்பின. மேற்கே இடுப்புயரத்துக்கு மண்சுவரும், கூடாரத்துக்கு மேல் பனையோலைப் பந்தலும் வந்தன. உள்ளே வெக்கை பாதியாகக் குறைந்தது. நான் விழுங்காமல் இங்கே எழுதுகிறேன், அவள் சொன்னது இது: "ஏனுங்க அம்மிணி, ஆட்டுப் பட்டிக்கே மேக்கால வாசல் வெக்க மாட்டமுங்க. தொரைக்கு வெச்சிருக்கறீங்களே, அவர என்னன்னு நெனச்சீங்க?"

கரி தின்ற எஞ்சின்

முகாமில் கட்ட வேண்டியவற்றில் முக்கியமானது ஒன்று இருந்தது: நாற்பது கட்டில் உள்ள ஆஸ்பத்திரி வார்டு. கிழக்கே போர்முனையிலிருந்து காயத்தோடும் மலேரியாவோடும் வருகிறவர்கள் ஐப்பசி பிறந்ததும் வந்து இறங்குவார்கள். அறுவை மேசைக்கு விளக்கு வேண்டும், கிணற்றிலிருந்து தண்ணீர் ஏற்ற வேண்டும். இரண்டுக்கும் ஒரே ஜெனரேட்டர். ஆனால் எங்களுக்கு அளந்து கொடுத்த பெட்ரோல் வாரத்தில் மூன்று நாளைக்குக்கூடக் காணாது.

சங்ககிரியில் லாரி பழுது பார்க்கும் மாரிமுத்துவைக் கேப்டன் பிடித்துவந்தார். பெட்ரோல் கிடைக்காத காலத்தில் பஸ்களின் முதுகில் கரி அடுப்பைக் கட்டி, அதன் புகையில் ஓட்டிக்கொண்டிருந்த ஆள் அவர். ஒரு தகர டிரம், ஒரு பழைய குழாய், வடிகட்டத் தேங்காய் நார், எரிக்க வேலாமரக் கரி. மூன்று நாளில் ஜெனரேட்டர் எஞ்சினோடு சேர்த்துக் கட்டி முடித்தார். அதைப் படமாக வரைய நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு உறுப்பின் பெயராகக் கேட்டேன். "இது என்னங்க?" "அதுங்களா, போன வருசத்து நாமக்கல் பஸ்ஸோட சைலன்சருங்க." அதையும் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டேன்.

சோதனை நாளில் முகாம் டாக்டர் வெள்ளைச் சட்டையோடு அருகில் போய் நின்றார். எஞ்சின் இருமியது, தும்மியது, டாக்டரின் மார்பில் கறுப்பாக ஒரு வட்டம் வரைந்துவிட்டு நின்றுபோனது. எல்லோரும் மாரிமுத்துவைப் பார்த்தோம். அவர் நாரை உருவி உதறி, மறுபடி திணித்து, கைப்பிடியைச் சுற்றினார். இந்த முறை அது பிடித்துக்கொண்டது. அறுவை விளக்கு ஏற்றிப் பார்த்தோம். பகல் வெளிச்சத்திலும் கண் கூசியது. மாரிமுத்து டாக்டரின் சட்டையைப் பார்த்து, வருத்தப்பட்டவர் போல முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார்: "பெட்ரோல் குடிச்சுப் பழகுன சாதிங்க இது. கரியப் போட்டா மொத நாளு மொறைக்கும், பொறவு பழகிக்குமுங்க."

வேலிக்குள் வந்தவர்கள்

முள்கம்பி மூன்று பக்கத்துக்கே போதுமானதாக இருந்தது. நான்காவது பக்கத்தில் இரண்டே இழை இழுத்து, பாரா போட்டு, அன்றாடம் ஒரு ரகசியச் சொல்லும் வைத்தார்கள். காவல் எப்படி இருக்கிறதென்று கேப்டன் ஒரு பகலில் சோதனை வைத்தார். பத்துச் சிப்பாய்கள் எதிரிகளாக நடித்து உள்ளே நுழைய வேண்டும். பத்துப் பேரும் பிடிபட்டார்கள். கேப்டன் திருப்தியோடு சமையலறைக்குத் திரும்பினால், அங்கே நல்லாயியின் ஆடுகள் பதினேழு, அடுத்த நாளைக்கான முட்டைக்கோசில் பாதியைத் தின்று முடித்திருந்தன. யாரும் அவற்றிடம் ரகசியச் சொல்லைக் கேட்கவில்லை.

நல்லாயி ஓடி வந்து ஆடுகளைத் திட்டுவது போல எங்களைத் திட்டினாள். அவள் காட்டைச் சுற்றிக் கிளுவை வேலி, உயிருள்ள மரக் கொம்புகளை நெருக்கமாக நட்டு வளர்த்தது, முயல்கூட நுழையாது. "அதுல ஒரு கொம்ப ஒடிச்சு நட்டாத் தழையுமுங்க. காசு கேக்காது, துருப் புடிக்காது" என்றாள். கேப்டன் போய் அந்த வேலியைக் கையால் பிரித்துப் பார்த்தார். மணிக்கட்டு முழுதும் கீறல். அன்றே உத்தரவு போட்டார்: இப்போதைக்கு வேலாமுள், அதன் பின்னால் கிளுவைக் கொம்பு. படத்தின் ஓரத்தில் கிளுவை என்ற சொல்லை எப்படி ஆங்கில எழுத்தில் எழுதுவது என்று நான் விழித்துக்கொண்டிருந்தபோது, கையில் கட்டுத்துணியோடு அவர் சொன்னார்: "எதிரி ஆட்டைவிடப் புத்திசாலியாக இருக்கமாட்டான் என்று நம்புவோம்."

தண்ணீர் போகிற தடம்

புரட்டாசியில் வார்டுக்குக் கம்பம் ஊன்றினார்கள். இடத்தைக் கேப்டன் என் படத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார். இரண்டு வேலிகளுக்கு நடுவே வரும் அந்தப் பாதை ஆம்புலன்ஸ் வரத் தயாராகக் கிடந்த சாலை. அது வந்து முடிகிற அகலமான சமதளம் வார்டு. அதன் வாயிலேயே எஞ்சின் கொட்டகை. மேசையில் பார்க்க மிகவும் நேர்த்தியாக இருந்தது.

நான் மதியச் சாப்பாட்டை வேலியோரத்தில் சாப்பிடுவது வழக்கம். நல்லாயி எதிரில் நின்று கம்பங்களையே பார்த்தாள். "இட்டேரிய அடச்சுக் கொட்டாய் போடறீங்களே, தண்ணி எங்க போகுமுங்க?" என்றாள். எந்தத் தண்ணீர் என்று கேட்டேன். டவுனில் தறிச் சத்தத்தில் வளர்ந்தவள் நான். இட்டேரி என்றால் வண்டிப்பாதை என்றுதான் தெரியும். மேற்கே இருந்த கரட்டை, அந்தப் பாறைக் குன்றை, கையால் காட்டினாள். கரட்டில் பெய்கிற மழை முழுவதும் இந்த இட்டேரியில்தான் இறங்குமாம். வருடத்தில் இரண்டு நாளோ மூன்று நாளோ. மற்ற நாளெல்லாம் வண்டி போகும், ஆடு போகும். வந்தால் ஆள் மார்பு உயரத்துக்கு வருமாம். நான் வரையாமல் விட்ட அந்த அம்பும் கரட்டிலிருந்து இறங்கும் பக்கமே பார்த்திருந்தது என்று எனக்கு நன்றாக நினைவிருந்தது. "முன்னாடியே ஏன் சொல்லல நல்லாயி?" என்றேன். அவள் என்னை நம்பாமல் பார்த்தாள். "படிச்சவங்க அளந்து படம் போட்டிருக்கறீங்க. தண்ணி போற தடத்த எழுதாமயா உட்டிருப்பீங்கன்னு இருந்துட்டேனுங்க."

கை வரைந்தது

அன்று மாலையே கேப்டனிடம் போனேன். போனேனே தவிர, முழுவதும் சொல்லவில்லை. "மழை பெய்தால் அந்தச் சாலையில் தண்ணீர் வரும் என்று நல்லாயி சொல்கிறாள்" என்று மட்டும் சொன்னேன். அம்பைப் பற்றி வாய் திறக்கவில்லை. மூன்று மாதம் முடிய இன்னும் ஐந்து நாள்தான் இருந்தது. அவர் மேசையில் என் நிரந்தர உத்தரவு கையெழுத்துக்காகக் காத்திருந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன்.

அவர் சுவரில் மாட்டியிருந்த என் படத்தின் முன்னால் போய் நின்றார். பாதையை விரலால் மேலிருந்து கீழ்வரை தடவினார். விரல் எங்கும் தடைபடவில்லை. வெளியே எட்டிப் பார்த்தார். இட்டேரியில் புழுதி பறந்தது, வானத்தில் ஒரு மேகமும் இல்லை. பிறகு, என்னைச் சந்தோஷப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு, அவர் சொன்ன வாக்கியம் என்னை அன்று வீடு திரும்பும் ரயிலில் சேலம் வரை அழவைத்தது: "அந்தப் பெண் ஆடுகளைப் பற்றிச் சொன்னால் நம்புவேன், மேடம், நிலத்தைப் பற்றி உங்கள் கையைத்தான் நம்புவேன்."

இரண்டு தாள்கள்

மூல அளவைத் தாள் அலமாரியில், மற்ற தாள்களுக்கு அடியில் இருந்தது. அதை எடுத்துக் காட்டினால்தான் அவர் நம்புவார். காட்டினால் தவறு யாருடையது என்பதும் அதே நொடியில் தெரியும். நல்லாயி சொன்னது பொய்யாக இருந்துவிடக் கூடாதா என்று ஓர் இரவு முழுக்க ஆசைப்பட்டேன். ஆனால் கண்ணை மூடினால் நாற்பது கட்டில்கள் தெரிந்தன. எழுந்து ஓட முடியாதவர்களாகப் பார்த்துத்தானே கட்டிலில் போடுவார்கள்?

காலையில் இரண்டையும் அவர் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்தேன். அம்பைத் தொட்டுக் காட்டினேன். "இதை நான்தான் விட்டுவிட்டேன். பென்சில் தவறி விழுந்த குறி என்று நினைத்தேன்" என்றேன். எங்கள் வீட்டுக் கட்டத்தாள், ஜோடியில்லாத புள்ளி, எல்லாம் சொல்ல வேண்டும் போல இருந்தது. ஆனால் அது விளக்கமாகாது, சாக்காகத்தான் தெரியும் என்று பட்டது. சொல்லவில்லை. அவர் இரண்டு தாள்களையும் மாறி மாறிப் பார்த்தார். என் உத்தரவை எடுத்து, கையெழுத்துப் போடாமல், இழுப்பறையில் வைத்து மூடினார். தொப்பியை எடுத்துக்கொண்டே சொன்னார்: "நேற்று மாலையே இந்தத் தாளைக் கொண்டுவந்திருந்தால் எனக்கு ஓர் இரவு கூடுதலாகக் கிடைத்திருக்கும். அதைத் தவிர உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை."

ஆட்டுக்குப் பதில்

நோயாளிகள் வர ஒன்பது நாள் இருந்தது. ஊன்றிய கம்பங்களைப் பிடுங்கி வேறெங்கே நடுவது? கேப்டன் நல்லாயியைக் கூப்பிட்டு, இந்தக் காட்டில் தண்ணீர் நிற்காத இடம் எது என்று என் மூலம் கேட்டார். அவள் முன்னால் நடந்தாள். நாங்கள் பின்னால் போனோம். முகாமுக்கு வெளியே, அவளுக்கு மிச்சமிருந்த துண்டு நிலத்தில், பாறை கலந்த ஒரு மேடு. அவளுடைய ஆட்டுப் பட்டி அங்கேதான் இருந்தது. "ஆடு நனஞ்ச எடத்துல படுக்காதுங்க. எங்க படுக்குதுன்னு பாத்துத்தான் பட்டி போட்டோம்" என்றாள். இருந்த நிலத்தை எடுத்துக்கொண்ட பிறகு, இருக்கிற மேட்டையும் எப்படிக் கேட்பது என்று கேப்டனுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

அவளே பட்டியின் படலைக் கழற்றத் தொடங்கினாள். கழற்றிக்கொண்டே சொன்னாள்: "நோவாளிங்க எந்திரிச்சு நடந்ததும் எடத்தத் திருப்பிக் குடுத்தாப் போதுமுங்க. ஆடு தொரையக் கேக்காது, என்னையத்தான் கேக்கும்."

அரை மைல் குழாய்

அந்த ஒன்பது நாளில் நான் வரைந்த அளவு என் வாழ்நாளில் வேறெப்போதும் வரைந்ததில்லை. நல்லாயி ஊர்ப் பெண்கள் பனையோலை சுமந்தார்கள். வார்டைச் சுற்றி வடிகால் வெட்டினார்கள். ஓலைக்கு மேல் சுண்ணாம்பு அடித்தார்கள், வெயில் தங்காமலிருக்க. கிணறு இப்போது தூரமாகிவிட்டது. எஞ்சினும் இடம் மாற வேண்டும், தண்ணீர்க் குழாயும் நீள வேண்டும். எல்லாம் மாரிமுத்து தலையில் விழுந்தது.

நடந்தது முகாம் முழுவதற்கும் தெரிந்துவிட்டது. யாரும் என்னை முகத்துக்கு நேரே ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமலிருப்பதுதான் பெரிய தண்டனையாக இருந்தது. ஒரு மத்தியானம் குழாய்க்குப் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன். தரையில் மல்லாந்து படுத்து மரை முடுக்கிக்கொண்டிருந்த மாரிமுத்து, முகமெல்லாம் கரியும் வியர்வையுமாக, சிரித்துக்கொண்டே கத்தினார். தவறு வெளியான பிறகு முகாமில் முதன்முதலாக என்னைப் பார்த்து ஒருவர் சிரித்தார். "டிரேசரம்மா, நீங்க விரக்கடை நீளத்துல ஒரு கோட்ட உட்டுப்போட்டீங்க, நான் அரை மைலுக்குக் குழாய் இழுக்கறேன்! அடுத்த தடவ ஏதாச்சும் உடறதுன்னா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லீட்டு உடுங்க."

உங்களுக்கும் காடு இருக்குதுங்களா

நோயாளிகள் வந்தார்கள். மழை வரவில்லை.

ஐப்பசி பிறந்து பத்து நாளாயிற்று. இட்டேரியில் புழுதி பறந்தது. கைவிட்ட சமதளத்தில் சிப்பாய்கள் கால்பந்து ஆடினார்கள். காய்ந்த அந்தத் தடத்துக்கு 'மேடம் ஆறு' என்று பெயர் வைத்தார்கள். டாக்டருக்கு மேட்டுக்கு ஏறி இறங்கி மூச்சு வாங்கியது. இடம் மாற்றியதற்குக் காரணம் கேட்டுத் தலைமை அலுவலகத்திலிருந்து கேப்டனுக்குக் கடிதம் வந்தது. என் மூன்று மாதம் முடிந்து பல நாளாகியும் இழுப்பறை திறக்கவில்லை. ஒரு மழை பெய்து, இட்டேரியில் தண்ணீர் வந்தால்தான் நாங்கள் செய்தது சரி என்று ஆகும். நாற்பது பேருக்கு ஆபத்து வரக் கூடாது என்று பயந்து செய்த வேலை. இப்போது அந்த ஆபத்து வரவேண்டும் என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

மேச்சேரிப் பக்கத்துச் சிப்பாய் ஒருவன் வார்டில் இருந்தான். தொடையில் இரும்புத் துண்டு, எழுதப் படிக்கத் தெரியாது. அவனுக்காக வீட்டுக்குக் கடிதம் எழுதப் போவேன். எழுதும்போது நடுநடுவே என் கண் வெளியே போய்விடும். ஒரு நாள் அவன் அதைக் கவனித்துவிட்டுக் கேட்டான்: "நானும் மழைக்குத்தானுங்க பாத்துட்டுக் கெடக்கறேன், எங்கப்பன் வெதைக்கோணும். உங்களுக்கும் காடு இருக்குதுங்களா?"

நான்கு மணி

அடுத்த வாரம் ஒரு பிற்பகல், மேற்கே கரட்டின் மேல் வானம் மையைக் கொட்டியது போல ஆயிற்று. முகாமில் நான்கே துளி. ஆனால் கரட்டை மழை முழுவதுமாக மறைத்துவிட்டது. டாக்டர் அந்த மேச்சேரிப் பையனின் தொடையைத் திறந்திருந்த நேரம் அது. எஞ்சின் ஓடுகிற சத்தமும் தூரத்து இடியும் மாறி மாறிக் கேட்டன. மணி நான்கு. நானும் கேப்டனும் மேட்டின் விளிம்பில் நின்றோம். முதலில் சத்தம் வந்தது, நூறு தறி ஒன்றாக ஓடுவது போல. பிறகு இட்டேரியின் வளைவில் சிவப்பாக ஒரு சுவர் திரும்பியது. முள்ளும் கட்டையும் பனைமட்டையுமாக வந்து, பழைய சமதளத்தில் பரந்து, சிப்பாய்கள் நட்டிருந்த கால்பந்துக் கம்பங்களைப் பிடுங்கிக்கொண்டு போயிற்று. கட்டில்கள் இருந்திருக்க வேண்டிய உயரத்துக்கு மேலே தண்ணீர் ஓடியது. கேப்டன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

எனக்குப் பின்னால் வார்டில் விளக்கு ஒரு முறைகூட மினுக்கவில்லை. தரை காய்ந்திருந்தது. இரும்புத் துண்டு கிண்ணத்தில் விழுந்த சத்தம் கேட்டதாக டாக்டர் பிறகு சொன்னார். எனக்கு எதுவும் கேட்கவில்லை. கண்ணீர் வந்துகொண்டிருந்தது. தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு நல்லாயி பக்கத்தில் வந்து நின்றாள். தண்ணீரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், முந்தானை நுனியை என் பக்கம் நீட்டினாள். "நெம்ப நாளா மழையக் காங்கலைன்னு அழுவாத கொறையா நின்னீங்க, இப்ப வந்துருச்சு, இதுக்கும் அழுவறீங்க. உங்களுக்கு என்னதானுங்க அம்மிணி வேணும்?"

அறிக்கை

அடுத்த நாள் இழுப்பறை திறந்தது. உத்தரவில் கையெழுத்து இருந்தது. அண்ணனிடம் கொடுத்தேன், இரண்டு முறை படித்துவிட்டு, என் புத்தகங்களை உள்ளறையிலிருந்து எடுத்துத் தறிக்கூடத்துக்கு முன்னால், வெளிச்சமுள்ள அறையில் அடுக்கினான். கேப்டன் தலைமை அலுவலகத்துக்கு அறிக்கை எழுதினார். ஓலைப் பந்தல், கரி எஞ்சின், கிளுவை வேலி, எல்லாம் அதில் இருந்தன. அவற்றின் படங்கள் எத்தனையோ முகாம்களுக்குப் போயின. வார்டைப் பற்றி ஒரே வரி: முகாமின் டிரேசர் நீர்வழியை உரிய நேரத்தில் சுட்டிக்காட்டியதால் இடம் மாற்றப்பட்டது.

அறிக்கைத் தாளை எடுத்துக்கொண்டு அவரிடம் ஓடினேன். "தவறே என்னுடையது. சொன்னவள் நல்லாயி. இடம் கொடுத்தவளும் அவள்தான். அவள் பெயரே இதில் இல்லை" என்றேன். போர் முடிந்து அவள் நிலம் அவளுக்குத் திரும்பியது என்பதையும், வார்டு நின்ற மேட்டில் மறுபடி ஆடுகள் படுத்ததை நான் போய்ப் பார்த்தேன் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அன்று எனக்கு எதுவும் தெரியாது. அவர் மேசையை விட்டு நகராமல் நின்றேன். கேப்டன் முதன்முதலாகச் சிரித்தார். களைப்பான, அன்பான சிரிப்பு. பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: "தவறுகளை எழுத எனக்கு உத்தரவில்லை, மேடம், ஆட்டுக்காரிகளுக்கு நன்றி எழுதப் படிவமும் இல்லை. இரண்டையும் ஒரு நாள் நீங்களே எழுதிவிடுங்கள்."

நாற்பது பேர் நனையாமல் படுத்திருந்ததற்கு நான் காரணம் என்று எங்கோ ஓர் அலமாரியில் ஒரு கோப்பு இன்னும் சொல்லிக்கொண்டிருக்கும். அவர்களை நனையவிட இருந்தவளும் நான்தான் என்று சொல்ல எந்தக் கோப்பும் முன்வராததால், இந்த வயதில் அந்த வேலையையும் நானே செய்ய வேண்டியதாயிற்று.